பிற்போடுவதும் பின்வாங்குவதும்: ‘புட் ஓஃப்’ பற்றிச் சில வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். கணக்கியலில் டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். நிலாவெளிப் பக்கமுள்ள ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தேன். அங்கிருந்து ஒரே வாரத்தில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவதில் ‘த இன்டர்வியூ ஹாஸ் பீன் புட் ஓஃப் டில் ஃப்ரைடே’ என்றிருந்தது. நேர்முகப் பரீட்சை வெள்ளிக்கிழமைக்குப் பிற்போடப்பட்டிருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். இரண்டாவதில் பதினொரு பக்கப் படிவம் ஒன்றை இணைத்து, ‘ப்ளீஸ் டோன்ட் பி புட் ஓஃப் பை த லெந்த் ஒஃப் த ஃபோர்ம்’ என்று எழுதியிருந்தார்கள். படிவத்தை அனுப்பத் தாமதிக்க வேண்டாம் என்கிறார்கள் என்று நான் நினைத்தேன். படிவமே இப்போதைக்குத் தேவையில்லை என்றுதான் அர்த்தம் என்று அண்ணா சொல்கிறார். அகராதியிலோ ஏழெட்டுப் பொருள்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் எதை எடுப்பது?

பதில்: உங்கள் அண்ணா சொன்னதும் சரியில்லை, நீங்கள் நினைத்ததும் சரியில்லை. ‘படிவம் இவ்வளவு நீளமாக இருக்கிறதே என்று மலைத்துப் பின்வாங்கிவிடாதீர்கள்’ என்பதே அந்த வாக்கியத்தின் பொருள். படிவத்தை நீங்கள் நிரப்பி அனுப்பத்தான் வேண்டும். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை அந்த ஹோட்டல் காத்திராது என்பதால், இவ்வளவையும் உங்களுக்குத் தனியாக முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டேன். இனி, ஏன் அப்படிப் பொருள் வருகிறது என்பதை ஆறுதலாகப் பார்ப்போம்.

இந்த வகை வினைகளில் தடுமாறுவது நமக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. 1755 இல் தமது ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன் அதன் முன்னுரையிலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஒரு வினையின் பின்னால் சிறு சொல்லொன்றைச் சேர்த்து அதன் பொருளை மாற்றிவிடும் வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதியாக உண்டென்றும், பிறமொழியாளருக்கு மிகப் பெரிய சிரமம் அதிலிருந்துதான் எழுகிறதென்றும் அவர் எழுதினார். இத்தகைய வினைகளை இன்று குறிக்கும் ‘ஃப்ரேசல் வேர்ப்’ என்ற பெயர் அதற்கு வெகு காலம் பிந்தியது. 1925 இல் லோகன் பேர்சோல் ஸ்மித் என்பவர் தமது நூலொன்றில் அதைக் கையாண்டபோது, அப்பெயரைத் தமக்குச் சொல்லித் தந்தவர் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று குறிப்பிட்டார்.

நம்முடைய பாடசாலைகளில் இவற்றைக் கற்பிக்கும் முறையைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. கொப்பியின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கிலத்தையும் வலப்பக்கம் தமிழையும் எழுதிப் பாடமாக்கச் சொல்கிறோம். ‘புட் ஓஃப்’ என்றால் பிற்போடு. அவ்வளவுதான். பிள்ளையும் அதைப் பாடமாக்கிச் சாதாரண தரப் பரீட்சையில் புள்ளி வாங்கிவிடுகிறது. பிறகு பத்து வருடம் கழித்து ஒரு மின்னஞ்சலில் அந்த ஒற்றைப் பொருள் பொருந்தாமல் போகும்போது, தனக்கு ஆங்கிலம் வராது என்று மனம் தளர்ந்துவிடுகிறது. முதல் மின்னஞ்சலை நீங்கள் பிழையின்றி விளங்கிக்கொண்டீர்கள். இரண்டாவதில் இடறியதற்குக் காரணம் அந்த வலப்பக்க ஒற்றைச் சொல். உங்களிடம் குறையேதுமில்லை.

உண்மையில் இத்தகைய வினைகளைப் பிறந்த நாள்முதல் பேசிக்கொண்டிருப்பவர்கள் நாம். ‘விட்டுக்கொடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அக்கா தம்பிக்கு விட்டுக்கொடுத்தாள்’ என்கிறோம். அவள் எதைக் கையிலிருந்து விட்டாள், எதை எடுத்துக் கொடுத்தாள் என்று யாரும் கேட்பதில்லை. தன் பக்கத்துப் பிடிவாதத்தைத் தளர்த்திக்கொண்டாள் என்று நான்கு வயதுப் பிள்ளைக்கும் விளங்குகிறது. இப்போது ஓரெழுத்து அளவுக்கு மாற்றிப் பாருங்கள். ‘அக்கா தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள்’ என்றால், ஊரார் முன்னிலையில் அவனைக் கைவிட மாட்டாள், அவன் பக்கமே நிற்பாள் என்று பொருள். தம்பிக்கு விட்டுக்கொடுப்பதும் தம்பியை விட்டுக்கொடுப்பதும் ஏறத்தாழ எதிரெதிரான காரியங்கள். சொல் ஒன்றுதான். பக்கத்தில் வந்து நிற்பது ‘தம்பிக்கு’ என்பதா ‘தம்பியை’ என்பதா என்பதைக் காது தானாகவே கவனித்துப் பொருளைத் தீர்மானித்துவிடுகிறது. ‘புட் ஓஃப்’ வரும் இடத்திலும் நீங்கள் செய்ய வேண்டியது இதுவேதான். அந்தச் சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல், அதன் பக்கத்தில் எது நிற்கிறது என்று பாருங்கள்.

அதற்கு முன் அந்தச் சொற்களின் வேரைத் தொட்டுக்கொள்வது உதவும். ‘புட்’ என்றால் வைத்தல் என்று இன்று சொல்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு இடித்துத் தள்ளுதல், முட்டித் தள்ளுதல் என்பதே பொருளாக இருந்தது. அந்தப் பழம்பொருள் அழியாமல் நின்றுவிட்ட இடமொன்றை ஒவ்வொரு பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். குண்டு போடுதல் என்று நாம் சொல்லும் போட்டியை ஆங்கிலத்தில் ‘ஷொட் புட்’ என்கிறார்கள். அந்தக் குண்டைப் பந்துபோல் பின்னால் கொண்டுபோய் வீச விதி இடம் தராது. தோள்மட்டத்திலிருந்து ஒற்றைக் கையால் முன்னோக்கித் தள்ள வேண்டும். ஆண்களுக்கான குண்டின் நிறை 7.26 கிலோகிராம், பெண்களுக்கானது 4 கிலோகிராம். அவ்வளவு நிறையைத் தள்ளும் அந்தத் தள்ளல்தான் ‘புட்’. நம் முன்னோர் அதைக் குண்டு ‘போடுதல்’ என்று பெயரிட்டதில் ஒரு பொருத்தம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

‘ஓஃப்’ என்பதற்கு அப்பால், விலகி என்று பொருள். நமது பிள்ளைகளைக் குழப்பும் ‘ஒஃப்’ என்ற ஓர் எஃப் சொல்லும், ‘ஓஃப்’ என்ற இரண்டு எஃப் சொல்லும் ஆதியில் ஒரே சொல்லாக இருந்தவை. 17 ஆம் நூற்றாண்டளவில்தான் எழுத்தில் இரண்டாகப் பிரிந்து நிலைபெற்றன. ஆகவே ‘புட் ஓஃப்’ என்பதன் அடியில் கிடக்கும் படம், ஒன்றை அப்பால் தள்ளிவிடுவது. தமிழில் ‘தள்ளிப்போடு’ என்று சொல்கிறோமே, அதே படம்தான்.

இனி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தள்ளப்படுவது எது?

தள்ளப்படுவது கூட்டம், பயணம், கல்யாணம், நேர்முகப் பரீட்சை போன்ற ஒரு நிகழ்ச்சியானால், அது காலத்தில் அப்பால் தள்ளப்படுகிறது. அதாவது பிற்போடப்படுகிறது. தள்ளப்படுவது ஒரு மனிதரானால், அவருடைய மனம் ஒரு காரியத்திலிருந்து அப்பால் தள்ளப்படுகிறது. அவர் பின்வாங்குகிறார், அல்லது அவருக்கு அது வெறுத்துப்போகிறது. நிகழ்ச்சிக்குப் பிற்போடு, மனிதருக்குப் பின்வாங்கு. இரண்டு தமிழ்ச் சொற்களிலும் ‘பின்’ இருப்பதால் இந்தச் சோடி நினைவில் நிற்கும். பின்வாங்கு என்பதில் யாரும் எதையும் விலைக்கு வாங்குவதில்லை என்பதையும் ஒரு கணம் எண்ணிப்பாருங்கள். அதுவும் உடைத்துப் பார்த்தால் விளங்காத சொல்தான்.

உங்கள் இரண்டாவது மின்னஞ்சலை இப்போது வாசிப்போம். அது ஏவல் வாக்கியம். ‘டோன்ட்’ என்று தொடங்கினால் முன்னிலையில் இருப்பவருக்குச் சொல்லப்படுகிறது என்று அர்த்தம். அடுத்து வரும் ‘பி’ அதைச் செயப்பாட்டு வினையாக்குகிறது. ஆகவே தள்ளப்படுபவர் நீங்கள், படிவம் தள்ளப்படவில்லை. ‘பை’ என்பதற்குப் பின்னால் வருவது உங்களைத் தள்ளும் பொருள்: படிவத்தின் நீளம். ‘படிவத்தின் நீளத்தால் அப்பால் தள்ளப்பட்டுவிடாதீர்கள்’ என்று சொல்லுக்குச் சொல் வருகிறது. அதை நல்ல தமிழில் சொன்னால் மலைத்துப் பின்வாங்காதீர்கள் என்றாகிறது. முதல் மின்னஞ்சலில் தள்ளப்பட்டது ‘இன்டர்வியூ’. அதற்குப் பின்னால் ‘டில்’ வந்து ஒரு நாளைக் குறித்தது. ‘டில்’, ‘அன்டில்’ என்பவை அருகில் தெரிந்தால் பெரும்பாலும் அது காலத்தைப் பற்றிய பேச்சு. ‘பை’ வந்து அதன்பின் ஒரு காரணமும் வந்தால், பெரும்பாலும் மனத்தைப் பற்றிய பேச்சு.

மனிதரைத் தள்ளும் இந்தப் பொருளிலேயே பல சாயல்கள் உண்டு. அகராதியின் ஏழெட்டு எண்களில் பாதிக்குமேல் இந்தச் சாயல்களுக்காகவே செலவாகியிருக்கும். சிறுவயதில் பழுதான சூடைக் கருவாட்டைச் சாப்பிட்டு ஓங்காளித்த ஒருவர், அன்றிலிருந்து கருவாடென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இட் புட் மீ ஓஃப் டிரை ஃபிஷ்’ என்று அவர் சொல்லலாம். இங்கே ‘மீ’ என்பது தள்ளப்பட்டவர், கருவாடு என்பது எதிலிருந்து தள்ளப்பட்டார் என்பது. பரீட்சை மண்டபத்தில் தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டேயிருந்தால், கணக்கில் ஊன்றியிருந்த கவனம் விலகிப்போகிறது. அதற்கும் ‘த நொய்ஸ் புட் மீ ஓஃப்’ என்பதே வாக்கியம். ஓர் அலுவலகத்துக்குக் காணி உறுதிக்காகப் போகிறோம். ‘நாளைக்கு வாங்கோ’, ‘அடுத்த கிழமை வாங்கோ’ என்று ஒவ்வொரு சாட்டாகச் சொல்லி நம்மை அலைக்கழிக்கிறார்கள். அது ‘தே புட் மீ ஓஃப் வித் எக்ஸ்கியூசஸ்’. வெறுப்பு, கவனச் சிதறல், அலைக்கழிப்பு என்று தமிழில் மூன்று வேறு சொற்கள் வேண்டியிருக்கின்றன. ஆங்கிலத்தில் மூன்றிலும் ஓர் ஆள் தான் போக வந்த திசையிலிருந்து அப்பால் தள்ளப்படுகிறார். மொழிபெயர்க்கும்போது எந்தத் திசையிலிருந்து என்று பார்த்துத் தமிழ்ச் சொல்லைத் தெரிந்தெடுங்கள்.

வாசித்து விளங்குவதோடு நில்லாமல் எழுதவும் விரும்புகிறவர்களுக்கு இரண்டு விடயங்கள். ‘அது’ என்ற பொருளில் ‘இட்’ வந்தால் அதை இரண்டு சொற்களுக்கும் நடுவில் வைக்க வேண்டும்: ‘புட் இட் ஓஃப்’. ‘புட் ஓஃப் இட்’ என்று பிற்போடும் பொருளில் எழுதக்கூடாது. ‘மீட்டிங்’ போன்ற முழுப் பெயர்ச்சொல்லானால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். மற்றது, நம்மவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை: ‘ஐ புட் ஓஃப் டு கோ’. அங்கே ‘கோயிங்’ என்றுதான் வரவேண்டும். இதற்கும் தமிழே கைகொடுக்கிறது. ‘போகத் தள்ளிப்போட்டேன்’ என்று நாம் சொல்வதில்லை, ‘போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்கிறோம். ‘போவதை’ என்று தமிழ் வரும் இடத்தில் ‘கோயிங்’ வரும் என்று வைத்துக்கொண்டால் இந்த வினையில் பிழை வராது.

உங்கள் கடிதத்தின் இறுதியில், ‘ஐ வில் நொட் புட் ஓஃப் த ஃபோர்ம்’ என்று ஹோட்டலுக்குப் பதில் எழுதிவிட்டதாகக் குறிப்பிட்டு வருத்தப்பட்டிருந்தீர்கள். வருத்தம் வேண்டாம். படிவத்தைத் தாமதிக்காமல் அனுப்புவேன் என்றுதான் அதை அவர்கள் வாசித்திருப்பார்கள். வேலை கேட்பவர் அப்படிச் சொல்வது நல்லதாகவே படும்.

கேள்வி: மூதூரில் உயர்தரம் படிக்கிறேன். நூலகத்தில் எடுத்த பழைய ஆங்கிலக் கதையொன்றில், மீனவர்கள் விடியுமுன்னே கரையிலிருந்து ‘புட் ஓஃப்’ செய்தார்கள் என்று வருகிறது. தொழிலைப் பிற்போட்டார்களா, கடலைக் கண்டு பின்வாங்கினார்களா? அடுத்த வரியில் வலை வீசுகிறார்களே.

பதில்: அடுத்த வரியைக் கவனித்தீர்களே, அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். பொருந்தாத பொருளை வலிந்து பொருத்தாமல் நின்று கேட்பதுதான் வாசிப்பு. இங்கே தள்ளப்படுவது வள்ளம். விடிகாலையில் நான்கைந்து பேர் தோள்கொடுத்து வள்ளத்தை மணலிலிருந்து தண்ணீருக்குத் தள்ளுவதை உங்கள் ஊர்க் கரையிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரையை விட்டு அப்பால் தள்ளிப் புறப்படுவதைத்தான் கதாசிரியர் சொல்கிறார். இது பழைய கடல்வழக்கு. இன்று பேச்சில் ‘செட் ஓஃப்’, ‘செட் அவுட்’ என்பார்கள். ஆனால் பழைய கடற்கதைகளில் இதை அடிக்கடி காண்பீர்கள்.

இதன் இணைச்சொற்களையும் தெரிந்துவைத்திருங்கள். கப்பல் துறைக்குள் நுழைந்து தங்குவது ‘புட் இன்’; துறையை விட்டுக் கடலுக்குப் போவது ‘புட் அவுட் டு சீ’. உங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள கொட்டியாரக் குடாவுக்கு இந்தச் சொல் மிகவும் உரியது. 1659 ஆம் ஆண்டுப் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று அதைச் செப்பனிடுவதற்காக அந்தக் குடாவுக்குள் வந்தது. அதிலிருந்த ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ 19 ஆண்டுகள் இந்தத் தீவில் சிறையிருந்தார். அந்தக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்ததை ஆங்கிலத்தில் எழுதுவதானால் ‘புட் இன்’ என்று எழுதலாம். பழுது பார்க்கவோ தண்ணீர் எடுக்கவோ இடைவழியில் ஒரு துறைக்குள் கப்பல் புகுவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

கேள்வி: கிண்ணியாவிலிருந்து ஒரு தந்தை எழுதுகிறேன். மகளின் பாடசாலை விளையாட்டுப் போட்டி மழையால் ‘கோல்ட் ஓஃப்’ என்று வட்ஸ்அப்பில் ஓர் அறிவித்தல் வந்தது. பிற்போட்டுவிட்டார்கள் என்று எண்ணி அடுத்த சனிக்கிழமை பிள்ளையை அழைத்துப் போனேன். படலை பூட்டியிருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: வித்தியாசம் பெரிது. ‘புட் ஓஃப்’ செய்யப்பட்டது பின்னொரு நாளில் நடக்கும். ‘கோல் ஓஃப்’ செய்யப்பட்டது கைவிடப்பட்டது. ஏவிவிட்ட நாயை உரியவர் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் ‘கோல் ஓஃப்’ என்றுதான் சொல்வார்கள். நாயைக் கூப்பிட்டுக்கொண்டால் துரத்தல் முடிந்தது என்ற படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மாறிப்போகாது. 2020 இல் ஏப்ரல் 25 நடைபெறவிருந்த நமது பாராளுமன்றத் தேர்தல், கொரோனாத் தொற்றினால் முதலில் ஜூன் 20 க்கும் பின்னர் ஓகஸ்ட் 5 க்கும் தள்ளப்பட்டு, அந்த ஓகஸ்ட் 5 இல் நடந்தது. அது இரண்டு முறை ‘புட் ஓஃப்’ செய்யப்பட்ட தேர்தல். மழையால் ஒரு பந்துகூட வீசப்படாமல், வேறு நாளும் குறிக்கப்படாமல் முடிந்துவிடும் கிரிக்கெட் ஆட்டம் ‘கோல்ட் ஓஃப்’.

பெற்றோருக்கு அறிவித்தல் அனுப்பும் ஆசிரியர்களிடம் இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். பிற்போடப்பட்டது, ரத்துச் செய்யப்பட்டது என்ற தமிழ்ச் சொற்கள் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஆங்கிலத்தோடு அவற்றையும் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால், ஒரு பிள்ளை விளையாட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பூட்டிய படலைக்கு முன்னால் நின்றிராது.

கேள்வி: ‘புட் ஓஃப் த லைட்’ என்று வீட்டில் சொல்கிறோம். பிழையென்று என் பேரன் திருத்துகிறான். (உப்புவெளி வாசகர் ஒருவர்)

பதில்: பிழையென்று சொல்ல முடியாது. விளக்கையோ மின்விசிறியையோ நிறுத்துவதற்கு ‘புட் ஓஃப்’ என்பது அகராதிகளில் இடம்பெற்ற பொருள்தான். நம் நாட்டு ஆங்கிலத்தில் அது நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள். அலுவலகக் கடிதத்திலோ பரீட்சையிலோ எழுதும்போது ‘ஸ்விட்ச் ஓஃப்’ அல்லது ‘டேர்ன் ஓஃப்’ என்று எழுதுவது நல்லது. எரியும் நெருப்பை அணைப்பதற்கு மட்டும் இவற்றில் எதுவும் பொருந்தாது. அதற்கு ‘புட் அவுட்’ என்று எழுத வேண்டும்.